பொன்னியின் செல்வன்: இரண்டாம் தரம், வன்னியிலிருந்து

பதினைந்து வயதில் பொன்னியின் செல்வன் வாசித்தவர்களிடம் இரண்டாம் பாகத்தில் என்ன நடந்தது என்று கேட்டுப்பாருங்கள். புயல், கப்பல், பூங்குழலி என்பார்கள். அந்தப் புயல் வருவதற்கு முன்பு கதை மாதோட்டத்தைத் தொட்டு, காட்டுக்குள்ளால் தம்புள்ளை வரை இறங்கி, அநுராதபுரம் வந்து, பிறகு ஆனையிறவுக்கு ஏறியதை அநேகமாக மறந்திருப்பார்கள். வன்னியில் இருந்துகொண்டு இந்த நாவலைத் திரும்ப எடுப்பவர்கள் அந்த மறந்த பகுதிக்காகவே எடுக்கலாம். மற்ற நான்கு பாகங்களையும் தஞ்சாவூர்க்காரர்கள் எங்களைவிட வடிவாக வாசிப்பார்கள். இரண்டாம் பாகத்தை எங்களைப்போல அவர்களால் வாசிக்க முடியாது.

முதலில் புத்தகம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் ஆளுக்கொரு பதிப்புப் போட்டிருக்கிறார்கள். விலை குறைந்ததில் சந்தோஷம். ஆனால் எல்லாப் பதிப்பும் ஒன்றல்ல. கடையில் நின்றே ஒரு சோதனை செய்யலாம். ஒவ்வொரு பாகத்தின் பொருளடக்கத்தையும் திறந்து கடைசி அத்தியாய எண்ணைப் பாருங்கள். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. கூட்டினால் 293. இதில் ஒன்று குறைந்தாலும் அது சுருக்கப் பதிப்பு, அல்லது அச்சில் ஏதோ விடுபட்டிருக்கிறது. ஐந்தாம் பாகத்தின் கடைசியில் கல்கியின் முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் வாசிப்பில் ஒருவரும் தேடாத அந்தப் பக்கங்கள் இரண்டாம் வாசிப்புக்குக் கட்டாயம் வேண்டும். ஐந்து பாகத்தையும் ஒரே மட்டைக்குள் அடக்கிய தடித்த பதிப்பு மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். நெஞ்சில் வைத்துப் படுத்தபடி வாசிக்க முடியாது, எழுத்து பொடியாக இருக்கும், மூன்றாம் பாகத்துக்கு வரும்போது முதுகு பிளந்து தாள் கழன்றுவிடும். கைத்தொலைபேசியில் வாசிப்பவர்களுக்கு மதுரைத் திட்டத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் முழு நாவலும் இலவசமாக இருக்கிறது. ஒரு பெயர் முன்பு எங்கே வந்தது என்று தேட அதைவிட வசதி இல்லை.

அடுத்தது வேகம். அனேகமானவர்கள் இங்கேதான் பிழை விடுவார்கள். முந்தி இரவிரவாக விழுங்கிய புத்தகத்தை இப்போதும் அதே மாதிரி விழுங்கப் பார்ப்பார்கள். கதை முழுக்கத் தெரியும் என்பதால் அந்தப் பசி இருக்காது. நூறாம் பக்கத்தில் சலித்துவிடும். கல்கி இதை ஒரே மூச்சில் வாசிக்க எழுதவில்லை. 1950 ஒக்டோபரில் தன்னுடைய வார இதழில் தொடங்கி மூன்றரை வருடம் வாராவாரம் எழுதினார். ஒவ்வொரு அத்தியாயத்தின் வாலிலும் ஒரு கொக்கி இருப்பது அடுத்த கிழமைவரை வாசகரைக் கட்டிவைக்கத்தான். இருபதை ஒன்றாக வாசித்தால் கொக்கிகள் மட்டும் கண்ணில் குத்தும், இந்த மனிசன் ஏன் இப்படி ஏமாற்றுகிறார் என்று எரிச்சல் வரும்.

நாளுக்கு 2 அத்தியாயம் என்பது நல்ல கணக்கு. ஆளுக்கேற்ப அரை மணித்தியாலம் முதல் முக்கால் மணித்தியாலம் போகும். கதையே ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குவதால் நீங்களும் ஆடி 18 இல், அதாவது ஓகஸ்ட் 2 அல்லது 3 இல் தொடங்கலாம். முதற் பாகம் ஓகஸ்ட் முடிய முடியும். இரண்டாம் பாகம் செப்டெம்பர் கடைசிக் கிழமை வரை ஓடும். மூன்றும் நான்கும் நவம்பர் இரண்டாம் கிழமையில் தீரும். 91 அத்தியாயம் கொண்ட ஐந்தாம் பாகம் மார்கழி நடுவுக்கு வந்துவிடும். இந்த ஒழுங்கில் ஒரு வசதி இருக்கிறது. வன்னி காய்ந்து வெடித்துக் கிடக்கும் ஆவணி, புரட்டாதியில் கதாநாயகன் வந்தியத்தேவனின் இலங்கைக் காட்டுப் பயணத்தை வாசிப்பீர்கள். ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்தில் நாகபட்டினத்தில் கடல் பொங்கி ஊருக்குள் ஏறும்போது எங்கள் குளங்களும் வான் பாயத் தயாராக இருக்கும். கூரையில் மழை விழும் சத்தத்தோடு அந்தப் பக்கங்களை வாசிப்பது வேறு.

ஒரு 80 பக்கக் கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாவற்றையும் குறிக்கப் போகாதீர்கள். பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்று தொடங்கியவர்கள் பத்தாம் அத்தியாயத்தில் கொப்பியை மூடிவிடுவார்கள். மூன்றே மூன்று தலைப்புப் போதும். ஒன்று, ஓலைகள்: யார் எழுதினது, யாருக்கு, யார் கைக்குப் போனது. இரண்டு, பழுவூர்ப் பனை இலச்சினை மோதிரம். பெரிய பழுவேட்டரையரின் இளைய மனைவி நந்தினி கொடுத்தபின் அது எந்தக் காவலைத் திறக்கிறது, எந்தக் கழுத்தை இறுக்குகிறது என்பது. மூன்று, ஊமை ராணி மந்தாகினி. அவள் கண்ணுக்குத் தெரியும் இடங்களைவிட, அவள் என்று சொல்லாமல் ஒரு நிழல், ஒரு குரல், ஒரு கைச்சாடை என்று வரும் இடங்களைக் குறியுங்கள். இந்த மூன்று நூலையும் இழுத்துக்கொண்டு போனால் கல்கி எவ்வளவு முன்கூட்டியே முடிச்சுப் போட்டிருக்கிறார் என்று தெரியும். நூல் அறுந்து, அவசரத்தில் வேறு நூலால் ஒட்டுப்போட்ட இடங்களும் தெரியும். வாராவாரம் எழுதியவருக்கு அது மன்னிக்கக்கூடியதுதான்.

சொற்களில் ஒரு எச்சரிக்கை. முதல் அத்தியாயத்திலேயே வீரநாராயண ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களாலும் தண்ணீர் பாய்கிறது. எங்களுக்குக் கணவாய் என்றால் கறிச்சட்டிக்குள் கிடப்பது. பள்ளிக்கூடப் புவியியலில் மலைகளுக்கு நடுவே போகும் வழி. இரண்டும் இல்லை. குளக்கட்டில் வைத்த மடை அது, வன்னிச் சொல்லில் துருசு. வான் என்று எடுத்துவிடாதீர்கள். வான் நிறைந்த குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம். துருசு வயலுக்குத் தண்ணீர் விடும் இடம். 74 துருசு வைத்த கட்டு என்று வாசித்தால்தான் வந்தியத்தேவன் குதிரையை நிறுத்தி வாய்பிளந்ததன் காரணம் பிடிபடும். முத்தையன்கட்டிலோ இரணைமடுவிலோ குளக்கட்டில் நின்று, விரல்விட்டு எண்ணக்கூடிய துருசுகளை நம்பி எத்தனை ஆயிரம் ஏக்கர் கிடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் பாரம் தெரியும்.

ஆடியில் ஏரி நிரம்பி வழிவதும் வன்னி வாசகரை இடறும். எங்கள் ஆடியில் குளத்தின் நடுவில் மாடு மேயும். காவிரிக்குத் தண்ணீர் வருவது அந்த ஊர் மழையால் அல்ல, தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரில் கொட்டும் மழையால். எங்கள் குளங்கள் நம்பியிருப்பது வடகீழ்ப் பருவத்தை. ஆகவே முதற் பாகத்தில் சோழநாடு பச்சைப்பசேல் என்று கிடக்கும் அதே நாட்களில், கடலுக்கு இந்தப் பக்கம் மாதோட்டத்துக் காடு சருகாகக் கிடந்திருக்க வேண்டும். முதல் வாசிப்பில் இரண்டு நிலத்தையும் ஒரே பச்சையால் பூசிக்கொண்டு போயிருப்போம்.

இனிக் கடல். கோடிக்கரையில் இருந்து படகோட்டும் பெண் பூங்குழலியின் படகில் வந்தியத்தேவன் நாகத்தீவுப் பக்கம் வருகிறான். நாகத்தீவை நயினாதீவு என்று எடுத்துக்கொண்டால் நேர்கோட்டில் 70 கிலோமீற்றருக்கு மேல். கைத்துடுப்பால் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீற்றர் போகலாம். அதுவும் களைக்காத கை, மறிக்காத காற்று இருந்தால். 12 மணித்தியாலம் நிற்காமல் வலித்தாலும் 60 தான் வரும். ஆவணியில் சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கும், தெற்கே போகிற படகுக்கு அது தோதான காற்று அல்ல. போதாக்குறைக்குப் படகில் இருக்கும் ஆண்பிள்ளைக்குத் துடுப்புப் பிடிக்கவும் தெரியாது, நீந்தவும் தெரியாது. கரையோர ஊர்க்காரர்கள் இதை வாசித்துச் சிரிப்பார்கள். ஆனால் காற்று, பாய், துடுப்பு என்ற சொற்கள் வரும் இடங்களில் நின்று பார்த்தால், பூங்குழலி எவ்வளவு பெரிய கடலோடி என்று காட்டுவதற்காகவே கல்கி அந்தத் தூரத்தை ஓர் இரவுக்குள் சுருக்கியிருக்கிறார் என்று தெரியும். அந்தப் பொய்யை நாங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

இரண்டாம் பாகத்தின் 25 ஆம் அத்தியாயத்தில் மாதோட்ட மாநகரம் வருகிறது. மாந்தை என்று நாங்கள் சொல்லும் இடம். திருக்கேதீச்சரம், பாலாவி, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்கள் என்று எல்லாம் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சங்கதிகள். இங்கே புத்தகத்தைக் கொஞ்சம் மூடிவைத்துவிட்டு வேறு இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்று, மாதோட்டம் அநுராதபுரத்தின் துறைமுகம். 1980 முதல் 1984 வரை அங்கே நடந்த அகழ்வில் சீனத்துப் பீங்கானும் மேற்காசியப் பாண்டங்களும் கிடைத்தன. யுத்தம் பிடித்ததால் அகழ்வு நின்றது. இரண்டு, கதை முடிந்து ஒரு தலைமுறைக்குள், ராஜராஜன் காலத்தில், இதே ஊருக்கு ராஜராஜபுரம் என்று பெயர் மாறிவிட்டது. சோழநாட்டுச் சிறுகூற்றநல்லூரைச் சேர்ந்த தாழி குமரன் என்பவன் அங்கே ராஜராஜ ஈச்சரம் என்று ஒரு கோயில் எடுப்பித்த கல்வெட்டு இருக்கிறது. நாவலில் பணிவும் கருணையுமாக யானைமேல் வருகிற இளவரசர் அருள்மொழிதான் அந்த ராஜராஜன், அந்தப் பிள்ளையின் பெயர் பிறகு எங்கள் துறைமுகத்தின் மேல் எழுதப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு 25 ஆம் அத்தியாயத்தை வாசித்தால், கல்கி விவரிக்கும் ஊர்க் கோலாகலத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும்.

அதன்பின் காட்டுப் பாதை. மாதோட்டத்தில் இருந்து தம்புள்ளை நேர்கோட்டில் 140 கிலோமீற்றர். அநுராதபுரம் 85. பழைய வணிகப் பாதை அருவியாற்றை ஒட்டிப் போனது. 164 கிலோமீற்றர் ஓடி அரிப்புப் பக்கம் கடலில் விழும் ஆறு. வழித்துணைக்கு வரும் ஆழ்வார்க்கடியான் வாயை மூடாதவன் என்பதால் நாவலில் காடு கெதியாகக் கடந்துபோகும். நிலத்தில் அது அப்படி இல்லை. மாதோட்டத்துக்குப் பின்னால் உடனே காடு வருவதில்லை. கட்டுக்கரைக் குளமும் அதன் கீழ் வயலும் வரும். தேக்கம் அணையால் அருவியாற்றுத் தண்ணீரைத் திருப்பி நிரப்பும் அந்தக் குளம் கல்கியின் காலத்துக்கும் கதையின் காலத்துக்கும் முந்தியது. அதைத் தாண்டினால்தான் பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று உலர் காடு. உயரம் பெரிசில்லை, ஆனால் அடியில் சூரையும் காரையும் பின்னிக் கிடக்கும். தடம் இல்லாத இடத்தில் மணிக்கு 2 கிலோமீற்றர் நடந்தால் அதுவே பெரிய காரியம். தடம் உள்ள இடத்தில் நாளுக்கு 25. காட்டுக்குப் போய்ப் பழகியவர்களைக் கேட்டால் பயப்பட வேண்டிய வரிசை சொல்வார்கள்: முதல் யானை, பிறகு கரடி, கடைசியில்தான் சிறுத்தை. பாலைப்பழக் காலத்தில் கரடி மரத்தடியில்தான் நிற்கும். கதையில் வரும் ஆபத்துகளில் அனேகமானவை வாள் ஏந்தியவை. கல்கி அரண்மனைச் சதியில் கெட்டிக்காரர், காட்டில் அவர் விருந்தாளி. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் அந்த 27 ஆம் அத்தியாயத்தை இங்கே உள்ளவர்கள் தங்கள் காட்டை வைத்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் தரத்தில் நிற்கவேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அரிசிப் பிரச்சினையைச் சொல்லலாம். பதினைந்து வயதில் அந்தப் பக்கங்களைத் தாண்டிக் குதித்திருப்போம். இலங்கையில் இருக்கும் தன் படைக்குத் தேவையான உணவு சோழநாட்டில் இருந்து கப்பலில் வரவேண்டும், இங்குள்ள சனங்களிடம் பறிக்கக்கூடாது என்பது இளவரசர் அருள்மொழியின் பிடிவாதம். போர் நடக்கும் நாட்டிலேயே படை தன் சாப்பாட்டைத் தேடிக்கொள்வதுதான் வழமை என்பது தஞ்சையில் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் பழுவேட்டரையர்களின் வாதம். சின்னவர் பெரியவர் சண்டை மாதிரித் தோன்றும் இந்த வாக்குவாதம்தான் இளவரசரைச் சிறைப்பிடித்து வரச் சொல்லும் கட்டளைக்கு வழிவிடுகிறது.

கணக்குப் பார்ப்போம். ஓர் ஆளுக்கு நாளுக்கு 600 கிராம் அரிசி என்றால் 1,000 பேருக்கு 600 கிலோ. மாதத்துக்கு 18 தொன். குத்தி எடுக்கும்போது மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தான் அரிசியாகத் தேறும் என்பதால் நெல்லாக 27 அல்லது 28 தொன். 70 கிலோ மூட்டையில் 400 மூட்டை. உரமும் நல்லின விதையும் இல்லாத காலத்து விளைச்சலில் அது எத்தனை குடும்பத்தின் ஒரு போகம் என்று வன்னி விவசாயி விரலில் எண்ணிச் சொல்லுவார். அது 1,000 பேருக்கு, ஒரே ஒரு மாதத்துக்கு. விதைநெல்லைத் தொட்டால் அடுத்த போகமும் போச்சு. கப்பல் வருமா வராதா என்று கரையைப் பார்த்திருப்பது, சாமான் லொறி எப்ப விடுவார்கள் என்று கதைப்பது, பொருளாதாரத் தடையால் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றரியும் தங்கமான தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் இதே புத்தகத்தை வாசித்தது என்று ஒரு முழுத் தலைமுறை இங்கே இருக்கிறது. அவர்கள் இந்த அரிசிக் கதையை அரசியல் சூழ்ச்சியாக மட்டும் வாசிக்க மாட்டார்கள். நாவலில் யார் நல்லவன் யார் கெட்டவன் என்பதைப் பிரிக்கும் கோடு வாளால் போட்டதல்ல, நெல்லால் போட்டது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதற்காகக் கல்கி சொல்வதை எல்லாம் வரலாறு என்று எடுக்கவும் கூடாது. அநுராதபுரத்தில் இளவரசர் இடிந்த விகாரைகளைத் திருத்துகிறார். புத்த சங்கத்தார் இலங்கைச் சிங்காதனத்தையே கொடுக்க வருகிறார்கள், அவர் வேண்டாம் என்கிறார். அழகான காட்சி. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்வது வேறு. சம்பளம் கிடைக்காத படை கலகம் செய்ததால் ஐந்தாம் மகிந்தன் தெற்கே உறுகுணைக்கு ஓடினான். ராஜராஜன் 993 அளவில் வடக்கைப் பிடித்தான். 1017 இல் ராஜேந்திரன் காலத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சோழப்படை விகாரைகளின் தாது அறைகளை உடைத்துச் செல்வங்களை அள்ளியது என்று அந்த நூல் எழுதி வைத்திருக்கிறது. பிக்குகள் எழுதியது பிக்குகளின் பக்கம்தான் சாயும், சரி. கல்கி எழுதியதும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான். இரண்டையும் தெரிந்தவர் அந்தச் சிங்காதன அத்தியாயத்தில் புல்லரிக்கவும் மாட்டார், புத்தகத்தை எறியவும் மாட்டார்.

படைவீரர்கள் ஆடும் ஏலேல சிங்கன் கூத்து அதற்கு முன்பு வரும். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த அத்தியாயத்தை வாய்விட்டு வாசிக்கலாம். எல்லாளன் கதையை, அவன் தோற்ற மண்ணுக்குப் பக்கத்திலேயே சோழப்படை ஆடிப் பார்க்கிறது என்ற குறும்பு கல்கிக்கே உரியது.

அநுராதபுரத்தில் இருந்து ஆனையிறவு. வரைபடத்தை எடுத்துக் கோடு போட்டுப்பாருங்கள், கிட்டத்தட்ட நேர் வடக்கு. நேர்கோட்டில் 130 கிலோமீற்றருக்கு மேல், வீதியால் 150 அளவில் வரும். மதவாச்சி, வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன். பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி போகும் அதே வழி. நல்ல குதிரைக்கும் மூன்று நாள் வேண்டும். நாவல் இந்த முழு வன்னியையும் ஒரு தாண்டலில் கடந்துவிடுகிறது. ஒரு குளக்கட்டு இல்லை, ஒரு குடிசை இல்லை, சூடடிக்கிற களம் இல்லை. ஆனையிறவுக்கு வந்ததும்தான் கல்கி நிற்கிறார். கடல் இரண்டு பக்கத்தாலும் உள்ளே வந்து ஒடுங்கும் கழி, யானைகள் இறங்கிக் கடக்கும் துறை என்று பெயரின் காரணத்தை விளக்குகிறார். அந்த இடத்தை வாசிக்கையில் இங்குள்ளவர்களுக்கு வேறு நினைவுகள் வந்து மறிக்கும். உப்பளம், தடைமுகாம், சண்டைகள் நடந்த வருடங்கள். புத்தகம் அவற்றுக்குப் பொறுப்பில்லை. ஆனால் 1950 களில் சென்னையில் இருந்து எழுதிய ஒருவரின் வரிக்குள் யானைகள் மட்டும் நடக்கும் ஆனையிறவைப் பார்ப்பது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

ஊமை ராணி சுவரில் தீட்டிய சித்திரங்களைக் காட்டித் தன் கதையைச் சொல்லும் அத்தியாயமும் அந்தப் பகுதியில்தான் வருகிறது. கொப்பியில் மூன்றாம் தலைப்பில் நீங்கள் குறித்துக்கொண்டு வந்ததெல்லாம் இங்கே ஒன்று சேரும். பேச்சுக்குப் பேர்போன நாவலில், எல்லாரும் பக்கம் பக்கமாகக் கதைக்கும் நாவலில், எல்லாவற்றையும் அறிந்த ஒருத்திக்கு மட்டும் பேச்சு இல்லை. முதற்தரம் அவள் ஒரு மர்மம். இரண்டாம் தரம் அவள்தான் கதை. யாரும் குடியிருப்பதாகக் காட்டாத வடநிலத்தில் கல்கி குடியேற்றிய ஒரே ஆள் அவள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

திரும்ப வாசிப்பதால் மட்டும் கிடைக்கும் சின்னச் சந்தோஷம் ஒன்று 29 ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சீன யாத்திரிகர் இருவரை ஏற்றிக்கொண்டு ஒரு யானை வருகிறது. முதல் வாசிப்பில் நாங்களும் வந்தியத்தேவனைப் போல யானைமேல் இருப்பவர்களைத்தான் பார்ப்போம். இந்த முறை பாகனைப் பாருங்கள். கல்கி அவனுக்கு எத்தனை வரி கொடுக்கிறார், ஆழ்வார்க்கடியான் எந்த இடத்தில் திடீரென்று வாயை மூடுகிறான் என்று கவனியுங்கள்.

மூன்றாம், நான்காம் பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நடுவில் இழுவை உண்டு, குறிப்பாகக் கடம்பூர் மாளிகை விருந்துப் பேச்சுகளில். நாளுக்கு 3 அத்தியாயமாகக் கூட்டினாலும் பாதகமில்லை. 2022 இலும் 2023 இலும் வந்த படங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் இங்கே சிக்கல். படத்தில் மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியமும் முடிசூட்டும் முடிவும் அங்கே வேறு. நடிகர்களின் முகம் கண்ணுக்குள் நின்றால் மணியம் வரைந்த சித்திரங்கள் உள்ள பதிப்பை எடுத்து இடைக்கிடை பாருங்கள், ஒரு கிழமையில் முகங்கள் மாறிவிடும்.

ஐந்தாம் பாகத்தில் அருள்மொழியின் தமையனான பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகிறான். யார் கொன்றது என்று கல்கி கடைசிவரை நேராகச் சொல்லவில்லை. முதல் வாசிப்பில் அது கோபம் வரவைக்கும். இந்த முறை அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், விளக்கு எப்போது அணைந்தது, யார் கையில் எந்த ஆயுதம் என்று கொப்பியில் ஒரு படம் கீறிப்பாருங்கள். விடை வராது, ஆனால் விடை வராதபடி எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார் என்பது தெரியும். அவருக்கு அதற்குக் காரணமும் இருந்தது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களைச் சொல்லி அவர்களையும் அவர்களின் உறவினரையும் சேர்ந்த நிலங்களைப் பறித்ததைப் பதிகிறது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று கல் சொல்லவில்லை. உடையார்குடி இருப்பது காட்டுமன்னார்கோயிலில். அதுதான் பழைய வீரநாராயணபுரம். அதாவது வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரையில் ஏறி வருகிற ஏரிக்கரைக்குப் பக்கத்திலேயே கடைசிப் பாகத்தின் கொலைக்கான கல் நிற்கிறது. கல்கி தெரிந்தேதான் அந்தக் கரையில் தொடங்கினார் என்று நாங்கள் நினைக்கிறோம்.

நாகபட்டினத்துச் சூடாமணி விகாரம் மட்டும் காலம் பிந்தியது. ஸ்ரீவிஜய அரசர் அதைக் கட்ட ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தது 1006 ஆம் ஆண்டை அண்டி. கதை நடப்பது 970 ஐ ஒட்டி. வெள்ளத்தில் நந்தி முழுகும் காட்சிக்கு ஒரு விகாரம் வேண்டும், எடுத்துக்கொண்டார்.

வயது போனபின் மனம் யாரிடம் போய் நிற்கிறது என்பதும் மாறும். முதலில் அருள்மொழியும் வந்தியத்தேவனும். இப்போது பெரிய பழுவேட்டரையர். 64 விழுப்புண் சுமந்த கிழவன், தன் வீட்டுக்குள்ளேயே ஏமாந்ததை ஊர் அறியப்போகிறது என்ற வெட்கத்தோடு கொள்ளிட வெள்ளத்திலும் காட்டிலும் அலைகிற பக்கங்களை இளவயதில் யார் கவனித்தார்கள்? கட்டிலை விட்டு எழும்ப முடியாத சக்கரவர்த்தி சுந்தர சோழரின் நித்திரையற்ற இரவுகளும் அப்படித்தான். இவற்றை 2 அத்தியாயக் கணக்கையும் மறந்து மெதுவாக வாசியுங்கள்.

முடிந்ததும் புத்தகங்களைப் பத்திரப்படுத்த வேண்டும், ஏனென்றால் நீங்கள் முடிக்கும் நேரம் மழைக்காலம். வன்னியில் புத்தகத்தின் முதல் எதிரி கறையான், இரண்டாவது பூஞ்சணம். அலுமாரியைச் சுவரோடு முட்ட வைக்காமல் 3 அங்குலம் தள்ளி வையுங்கள், கறையான் மண்புற்றுக் கட்டிக்கொண்டு ஏறுவது சுவரால்தான். கால்களைக் கழிவு எண்ணெய் ஊற்றிய தகரப் பேணிக்குள் நிறுத்தினால் நிலத்தால் ஏறாது. வேப்பிலையோ நொச்சியோ வைப்பதென்றால் நிழலில் நன்றாகக் காயவைத்து வையுங்கள். பச்சையாக வைத்தால் அந்த ஈரத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த புத்தகத்தை உச்சி வெயிலில் போடாதீர்கள். பசை வெடித்து முதுகு கழன்றுவிடும். காற்றோட்டமான விறாந்தையில் விசிறி மாதிரி விரித்து நிறுத்தி இரண்டு மூன்று நாள் விட்டால் போதும். நெருக்கி அடுக்கவும் வேண்டாம், ஒரு விரல் போகிற இடம் விடுங்கள்.

யாராவது வந்து இரண்டாம் பாகத்தை மட்டும் கேட்டால் ஐந்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். தனியாகப் போன பாகம் திரும்பி வராது. ஐந்தாகப் போனால் பாரம் தாங்காமலாவது கொண்டுவந்து வைப்பார்கள்.